எண்ணெய்ப் பொறிகளில் பட்டையை இணைத்தலும் விடுவித்தலும்

எண்ணெய்ப் பொறிகளில் பட்டையை இணைத்தல், விடுவித்தல் என்பன, தட்டைப் பட்டை வழியாக ஆற்றல் பெறும் ஓர் இயந்திரத்தை, பொறியின் ஓட்டத்தை நிறுத்தாமலே இயக்கவும் நிறுத்தவும் கையாளப்பட்ட முறைகள் ஆகும். பட்டை என்பது பேச்சு வழக்கில் பெல்ட்டு எனவும், கப்பி என்பது புல்லி எனவும் வழங்கும். 20 ஆம் நூற்றாண்டில் தமிழ்நாட்டின் நெல் ஆலைகள், மாவு ஆலைகள், எண்ணெய்ச் செக்குகள், பருத்தி அரவை ஆலைகள் ஆகியவற்றில் இம்முறைகள் பரவலாக வழக்கில் இருந்தன. இன்று மின்பொத்தான் செய்யும் வேலையை அன்று ஒரு மரக் கைப்பிடியும் அடுத்தடுத்து அமைந்த இரண்டு கப்பிகளும் செய்தன. அக்கைப்பிடி இல்லாத இடங்களில் அவ்வேலையை மனிதக் கை செய்தது. இத்துறையின் விபத்து வரலாறும் சட்ட வரலாறும் பெரும்பாலும் இந்த வேறுபாட்டைச் சுற்றியே அமைந்துள்ளன.

தேவை

இன்றைய மின்னோடியைப் பொத்தானை அழுத்தி ஓட்டலாம், மறுபடி அழுத்தி நிறுத்தலாம். பழைய எண்ணெய்ப் பொறி அத்தகையது அன்று. அதைத் தொடங்குவதற்கு ஒருவர் கைப்பிடியைச் சுழற்றி, கனத்த சமன்சக்கரத்துக்கு வேகம் ஏற்ற வேண்டும். அச்சமயத்தில் உருளையினுள் அழுத்தம் உருவாகாதபடி வெளிப்போக்கு வால்வைத் தூக்கி வைப்பர். போதிய வேகம் வந்ததும் வால்வை விட்டுவிட, எரிபொருள் பற்றிக்கொள்ளும். இந்நிலையில் பொறியுடன் நெல் அரைக்கும் இயந்திரமும் சேர்ந்து சுழல வேண்டுமானால், மனித வலிமை அதற்குப் போதாது. ஆகவே பொறி தனியே தொடங்கப்பட வேண்டும். சுமை பிறகே சேர வேண்டும்.

நிறுத்தும்போதும் இதே சிக்கல் உண்டு. எரிபொருளை அடைத்தாலும் சமன்சக்கரத்தில் சேர்ந்துள்ள ஆற்றல் தீரும்வரை பொறி சுழன்றுகொண்டே இருக்கும். எடுத்துக்காட்டாக, தலா 100 கிலோ எடையுள்ள இரண்டு சமன்சக்கரங்களின் எடை மையத்திலிருந்து 25 செ.மீ. தொலைவில் திரண்டிருப்பதாகக் கொள்வோம். அவை நிமிடத்துக்கு 650 முறை சுழன்றால் அவற்றிலுள்ள இயக்க ஆற்றல் ஏறத்தாழ 29,000 ஜூல் ஆகும். 60 கிலோ எடையுள்ள ஒருவரை ஏறத்தாழ 49 மீட்டர் உயரத்துக்குத் தூக்க இந்த ஆற்றல் போதும். இயந்திரத்தில் ஒருவரின் துணி சிக்கிக்கொண்ட பிறகு எரிபொருளை அடைப்பதால் பயன் இல்லை என்பதை இக்கணக்கு காட்டும். இயந்திரத்தை உடனே நிறுத்தப் பொறியிலிருந்து அதைப் பிரிப்பது ஒன்றே வழி.

மூன்றாவது காரணம் பொருளாதாரம் சார்ந்தது. ஒரே பொறியைக் கொண்டு நெல் அரைக்கும் இயந்திரம், மாவு அரைக்கும் கல், செக்கு ஆகிய மூன்றையும் ஓட்டுவது வழக்கம். பொறி ஒரு நீண்ட பொதுத்தண்டைச் சுழற்றும். அத்தண்டிலிருந்து ஒவ்வொரு இயந்திரத்துக்கும் தனிப்பட்டை செல்லும். மாவு அரைக்க வந்தவருக்காகச் செக்கு ஓட வேண்டியதில்லை. எனவே ஒவ்வொன்றையும் தனித்தனியே இணைக்கவும் விடுவிக்கவும் இயல வேண்டும்.

பொறிகள்

இங்கிலாந்தின் கிரந்தம் நகரிலிருந்த ரிச்சர்டு ஹார்ன்ஸ்பி நிறுவனம், ஹெர்பர்ட் அக்ராய்டு ஸ்டூவர்ட்டின் வடிவமைப்பைக் கொண்டு 1892 ஆம் ஆண்டில் எண்ணெய்ப் பொறிகளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ருடால்ஃப் டீசலின் பொறி 1897 இல் வெற்றிகரமாக இயங்கியது. கொதிகலனும் நீராவியும் இல்லாமல், எண்ணெய் கிடைக்கும் எந்த ஊரிலும் ஆற்றல் உண்டாக்கலாம் என்ற நிலையை இவை ஏற்படுத்தின.

இந்தியச் சிற்றூர்களில் நன்கு அறியப்பட்ட வகை, டர்ஸ்லி நகரின் லிஸ்டர் நிறுவனம் 1930 ஆம் ஆண்டளவில் அறிமுகப்படுத்திய ஒற்றை உருளை டீசல் பொறி ஆகும். இதன் ஒரு வடிவம் நிமிடத்துக்கு 600 சுற்றில் 5 குதிரைத்திறனும், பிந்திய வடிவம் 650 சுற்றில் 6 குதிரைத்திறனும் தந்தன. பிரித்தானியாவில் இதன் உற்பத்தி 1987 இல் நின்றது. குசராத்தின் ராஜ்கோட் முதலிய இடங்களில் இதைப் பின்பற்றிய பொறிகள் அதற்குப் பின்னரும் பெருமளவில் செய்யப்பட்டன. 1946 இல் தொடங்கப்பட்ட கிர்லோஸ்கர் ஆயில் எஞ்சின்ஸ் நிறுவனத்தின் பொறிகளும் இந்திய உழவர்களிடையே பரவின. தமிழ்நாட்டுப் பேச்சு வழக்கில் இவை அனைத்துக்கும் பொதுப்பெயர் ஆயில் எஞ்சின் என்பதே. இவற்றுள் மெதுவாகச் சுழலும் பழைய வகைகளின் இருபுறமும் கனத்த சமன்சக்கரங்கள் இருக்கும். அவற்றில் ஒன்றை ஒட்டி, பட்டை ஓடுவதற்கான கப்பி பொருத்தப்பட்டிருக்கும்.

சுரண்டைப் பகுதியில்

சுரண்டை, தென்காசிக்குக் கிழக்கே அமைந்த சந்தை நகரம் ஆகும். திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த இது, 2019 இல் தென்காசி மாவட்டம் உருவானபோது அதில் சேர்ந்தது. குளங்களையும் கிணறுகளையும் நம்பிய நெல், காய்கறி வேளாண்மை இப்பகுதியின் அடிப்படைத் தொழில்.

இம்மாவட்டத்தின் தென்பகுதியை ஒட்டிய தாமிரபரணிக் கரையில் இயந்திர ஆற்றல் மிக முன்னதாகவே வந்துவிட்டது. 1880களில் ஹார்வி சகோதரர்கள் பாபநாசம் அருவியின் நீர்விசையைக் கொண்டு அங்கே நூற்பாலை அமைத்தனர். ஆனால் நீர்விசை அருவியை விட்டு நகராது. ஆலைதான் அருவியைத் தேடிச் செல்ல வேண்டும். சுரண்டை போன்ற சமவெளி ஊர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. அங்கே கிணற்று நீரை மாடுகள் கமலை கட்டி இறைத்தன; நெல்லை உரலில் குற்றினர். பாபநாசம் நீர்மின் நிலையம் 1944 இல் இயங்கத் தொடங்கிய பின்னரும், சிற்றூர்களை மின்கம்பி எட்டுவதற்கு மேலும் பல ஆண்டுகள் பிடித்தன. அருவியும் மின்கம்பியும் எட்டாத இத்தகைய ஊர்களுக்கு ஏற்றது எண்ணெய்ப் பொறிதான்.

கிணற்றடிப் பொறிக்கும் ஆலைப் பொறிக்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. கிணற்றில் நீர் இறைக்கும் மையவிலக்கு எக்கி, மெதுவாகச் சுழலும்போது மிகக் குறைந்த விசையையே கேட்கும். அதன் சுமை வேகம் கூடக் கூடத்தான் ஏறும். எனவே எக்கிக்குச் செல்லும் பட்டையைப் போட்டபடியே பொறியைத் தொடங்க முடிந்தது. விடுவிக்கும் அமைப்பு எதுவும் இல்லாத பம்பு செட்டுகள் பல இருந்ததற்கு இதுவே காரணம். நெல் அரைக்கும் இயந்திரமோ தொடக்கம் முதலே சுமை தரும். ஹல்லர் எனப்படும் இவ்வியந்திரம், பிரேசிலைச் சேர்ந்த எவரிஸ்தோ கொன்ராடோ எங்கெல்பெர்க் என்பவர் 1880களில் உருவாக்கிய வடிவத்தின் வழிவந்தது. உள்ளே நெல் தங்கியிருந்தால் அதன் உருளையைக் கையால் அசைப்பதே கடினம். ஆகவே விடுவிக்கும் அமைப்பு ஆலைகளில் கட்டாயத் தேவையாக இருந்தது.

பட்டை பற்றிக்கொள்ளும் விதம்

தட்டைப் பட்டைக்குப் பல்லோ கொக்கியோ கிடையாது. கப்பியின் மீது அது உராய்வினால் மட்டுமே பற்றுகிறது. சுழற்றும் கப்பியை நோக்கி இழுபடும் பக்கம் இறுக்கப் பக்கம். அதிலிருந்து வெளியேறிச் செல்லும் பக்கம் தளர்ந்த பக்கம். இரு பக்கங்களின் இழுவிசைகளுக்கு இடையிலான வேறுபாடே இயந்திரத்தைச் சுழற்றும் விசை.

பட்டை நழுவாமல் இருக்கும்போது ஒரு பக்க இழுவிசை மறுபக்கத்தைப் போல எத்தனை மடங்கு வரை இருக்கலாம் என்பதை லியோனார்டு ஆய்லர், யோகான் ஐட்டெல்வைன் ஆகியோர் பெயரால் அறியப்படும் சமன்பாடு தருகிறது. 2.718 என்னும் எண்ணை, உராய்வுக் கெழுவையும் பட்டை சுற்றியுள்ள கோணத்தையும் பெருக்கிக் கிடைக்கும் அடுக்குக்கு உயர்த்தினால் அந்த மடங்கு கிடைக்கும். கோணத்தை ஆரையனில் எடுத்துக்கொள்ள வேண்டும். உராய்வுக் கெழு 0.3 எனவும், பட்டை கப்பியைப் பாதிச் சுற்று, அதாவது 180 பாகை, தழுவியிருப்பதாகவும் கொண்டால் மடங்கு ஏறத்தாழ 2.57 ஆகும். 150 பாகைக்கு அது 2.19 ஆகக் குறையும். 210 பாகைக்கு 3.0 ஆக உயரும்.

இதை ஒரு 6 குதிரைத்திறன் பொறிக்குப் பொருத்திப் பார்க்கலாம். 650 சுற்றில் ஓடும் அதன் கப்பி 30 செ.மீ. விட்டமுடையது என்றால், முழுச்சுமையில் பட்டை தர வேண்டிய நிகர விசை ஏறத்தாழ 438 நியூட்டன். 180 பாகைத் தழுவலில், தளர்ந்த பக்கத்தில் குறைந்தது 280 நியூட்டனும் இறுக்கப் பக்கத்தில் 718 நியூட்டனும் இருந்தால்தான் பட்டை நழுவாது. பட்டையின் வேகம் நொடிக்கு 10 மீட்டருக்குச் சற்று மேல். அதாவது மணிக்கு ஏறத்தாழ 37 கி.மீ. இந்த வேகத்தைக் கீழே விபத்துகளைப் பற்றிய பகுதியில் மறுபடியும் காணலாம்.

ஆக, பட்டையை விடுவிப்பதற்கு இரண்டு வழிகளே உள்ளன. பட்டையைச் சுமையற்ற வேறொரு கப்பிக்கு மாற்ற வேண்டும். அல்லது தளர்ந்த பக்க இழுவிசையை இல்லாமல் செய்ய வேண்டும். கீழே வரும் முறைகள் பெரும்பாலும் இவ்விரண்டில் ஒன்றின் வடிவங்களே.

நிலைக் கப்பியும் தளர் கப்பியும்

மிகவும் பரவலாக இருந்த அமைப்பு இது. இயந்திரத்தின் தண்டில் ஒரே அகலமுள்ள இரண்டு கப்பிகள் அருகருகே இருக்கும். ஒன்று சாவி கொண்டு தண்டுடன் பிணைக்கப்பட்ட நிலைக் கப்பி. மற்றது தண்டின் மீது தன்போக்கில் சுழலும் தளர் கப்பி. ஆலைப் பேச்சில் இது லூஸ் புல்லி. பொதுத்தண்டில் இவ்விரண்டின் அகலத்துக்கும் ஈடான ஒரே அகன்ற உருளை இருக்கும். பட்டை தளர் கப்பியில் ஓடும்போது இயந்திரம் நிற்கும். அதை நிலைக் கப்பிக்கு நகர்த்தினால் இயந்திரம் ஓடும்.

நகர்த்துவதற்குக் கவை ஒன்று உண்டு. பட்டையின் இரு விளிம்புகளுக்கும் வெளியே நிற்கும் இரண்டு கம்பிகளே அக்கவை. அது ஒரு நீண்ட சட்டத்தில் பொருத்தப்பட்டிருக்கும். சட்டத்தின் மறுமுனை இயந்திரத்துக்கு அருகே நிற்பவரின் கைக்கு எட்டும். கவை எங்கே நிற்க வேண்டும் என்பதில்தான் இந்த அமைப்பின் நுட்பம் உள்ளது. கப்பியை நோக்கி வந்து ஏறும் பக்கத்தில், கப்பிக்கு மிக அருகில் அது இருக்க வேண்டும். வரும் பட்டை எந்த இடத்தில் கப்பியைத் தொடுகிறதோ அந்த இடமே அடுத்த சுற்றில் அதன் பாதையாகும். ஆகவே வரும் பக்கத்தை ஒரு விரற்கடை தள்ளினால் பட்டை முழுவதும் தானே நகர்ந்துவிடும். கப்பியை விட்டு வெளியேறும் பக்கத்தை எவ்வளவு தள்ளினாலும் பட்டை பெரும்பாலும் பழைய இடத்துக்கே திரும்பும். இதில் ஒரு நல்ல பொருத்தமும் அமைந்துள்ளது. சுழற்றப்படும் கப்பியை நோக்கி வரும் பக்கம்தான் தளர்ந்த பக்கம். எனவே தள்ளுவதற்கு வேண்டிய விசையும் அங்கே குறைவு.

கப்பியின் விளிம்பு முழுத்தட்டையாக இருப்பதில்லை. நடுவில் சிறிது மேடாக இருக்கும். பட்டை மேட்டை விட்டுச் சரிந்து விழும் என்று தோன்றலாம். உண்மை அதற்கு நேர்மாறானது. சரிவான பரப்பில் படியும் பட்டை, பெரிய விட்டமுள்ள பக்கத்தை நோக்கிச் சற்றே சாய்கிறது. அடுத்து வந்து படியும் பகுதி இன்னும் மேலே ஏறுகிறது. இவ்வாறு பட்டை தானே நடுமேட்டைத் தேடிச் சென்று நிற்கும். பட்டை நிலைத்து நிற்க வேண்டிய கப்பிகளுக்கு இம்மேடு தேவை. பொதுத்தண்டின் அகன்ற உருளைக்கு மேடு இருக்கக் கூடாது. இருந்தால் பட்டை எப்போதும் இரண்டு கப்பிகளுக்கும் இடைநடுவே வந்து நிற்க முயலும்.

தளர் கப்பியை இயந்திரத் தண்டில் வைப்பதா, பொதுத்தண்டில் வைப்பதா என்பது ஒரு பழைய விவாதம். இயந்திரத் தண்டில் வைத்தால், இயந்திரம் நின்ற பிறகும் பட்டை ஓடிக்கொண்டே இருக்கும். தேய்மானமும் ஆபத்தும் தொடரும். பொதுத்தண்டில் வைத்தால் பட்டையும் நின்றுவிடும். ஆனால் நிற்கும் பட்டையைக் கவையால் நகர்த்துவது கடினம். ஓடும் பட்டை மட்டுமே எளிதில் இடம் மாறும். தவிர, நின்ற பட்டையின் விளிம்பு சுழலும் நிலைக் கப்பியைத் தொட்டதும் வெடுக்கென இழுபடும். பாதுகாப்பின் பக்கம் நின்று பார்த்தால் இரண்டாவது அமைப்பே மேல். ஆயினும் கையாள எளிது என்பதால் முதலாவதே பெரும்பாலும் நிலைத்தது.

தளர் கப்பியின் கோளாறு

தளர் கப்பி வேலை எதுவும் செய்வதில்லை என்பதால் அதைக் கவனிப்பாரும் இல்லை. உண்மையில் ஆலையில் மிகுந்த கவனம் வேண்டிய உறுப்புகளுள் அதுவும் ஒன்று. இயந்திரம் நிற்கும் நேரம் முழுவதும் அது சுழல்கிறது. அதன் உள்ளே பித்தளை அல்லது வெண்கலப் புஷ் இருக்கும்; அதற்கு எண்ணெயோ கிரீசோ இட வேண்டும். உலர்ந்துபோனால் புஷ் சூடேறித் தண்டைக் கவ்வும். அந்த நொடி முதல் தளர் கப்பி தளர் கப்பியாக இராது. நின்றுகொண்டிருக்கும் இயந்திரம், யாரும் கைப்பிடியைத் தொடாமலே சுழலத் தொடங்கும். உள்ளே அடைத்துக்கொண்ட தவிட்டை ஒருவர் கையால் அகற்றிக்கொண்டிருக்கும் வேளையிலும் இது நிகழலாம்.

இதைத் தவிர்க்க நல்ல அமைப்புகளில் இரண்டு ஏற்பாடுகள் செய்யப்பட்டன. தளர் கப்பியின் விட்டத்தை நிலைக் கப்பியைவிடச் சிறிது குறைத்தால் அதில் ஓடும்போது பட்டையின் இறுக்கம் தணியும்; புஷ்ஷின் சுமையும் குறையும். மற்றொன்று, தளர் கப்பியைத் தண்டின் மீது நேரடியாக வைக்காமல், அசையாத தாங்கியிலிருந்து நீளும் ஒரு குழாயின் மீது சுழலவிடுவது. இதில் புஷ் இறுகினாலும் தண்டு சுழலாது. இரண்டாவது ஏற்பாட்டுக்குச் செலவு கூடுதல் என்பதால் சிறு ஆலைகளில் அது அரிது.

பிற முறைகள்

அழுத்து கப்பி முறையில், பட்டை வேண்டுமென்றே தளர்வாக விடப்படும். அதனால் அது கப்பிகளின் மீது நழுவிக்கொண்டு கிடக்கும். நெம்புகோலின் முனையிலுள்ள ஒரு சிறு கப்பி, தளர்ந்த பக்கத்தை வெளியிலிருந்து அழுத்தும்போது பட்டை இறுகிப் பற்றும். ஆலைகளில் இதற்கு ஜாக்கி புல்லி என்று பெயர். இது இறுக்கத்தைத் தருவதுடன் தழுவு கோணத்தையும் கூட்டுகிறது. மேலே கண்ட கணக்கின்படி கோணம் 150 இலிருந்து 210 பாகைக்கு உயர்ந்தால், அதே வேலைக்குத் தளர்ந்த பக்கத்தில் வேண்டிய இழுவிசை 368 இலிருந்து 219 நியூட்டனாகக் குறையும். தாங்கிகளுக்கும் சுமை குறையும். நெம்புகோலில் எடைக்கல் கட்டியிருந்தால், பட்டை நாளடைவில் நீளும்போதும் இறுக்கம் மாறாது.

பொறியையே நகர்த்துவது மற்றொரு முறை. பொறி இரண்டு தண்டவாளச் சட்டங்களின் மீது நிற்கும். திருகைச் சுழற்றினால் முன்னும் பின்னும் செல்லும். இது உடனே இணைக்கவும் விடுவிக்கவும் உதவாது. பட்டையின் இறுக்கத்தைச் சரிசெய்யவே பயன்பட்டது. தோல் பட்டை ஈரக்காற்றில் நீளும். பருத்திப் பட்டை ஈரத்தில் சுருங்கும். குற்றாலச் சாரல் பொழியும் மாதங்களில் காற்றின் ஈரம் மிகும் இத்தகைய பகுதியில் இச்சரிசெய்தல் அவ்வப்போது தேவைப்படும்.

உராய்வுக் கிளட்சுக் கப்பி இவை எல்லாவற்றிலும் சீரானது. பட்டை தன் இடத்தை விட்டு நகர்வதே இல்லை. கப்பிக்குள் உள்ள கட்டைகள் விரிந்து விளிம்பைப் பற்றும்போது தண்டும் கப்பியும் ஒன்றாகும். விலை கூடுதலாக இருந்ததால் சிறு பொறிகளில் இது பரவவில்லை.

கடைசி முறை, கருவி எதுவும் இல்லாத முறை. பட்டையை ஒரு கம்பால் கப்பியின் விளிம்பைத் தாண்டித் தள்ளிவிடுவது. மறுபடி வேண்டும்போது சுழலும் கப்பியின் மீது கையால் ஏற்றுவது. தள்ளிவிடுவது எளிது. ஏற்றுவதற்கு, பட்டையின் விளிம்பைச் சுழலும் கப்பியின் ஓரத்தில் பொருத்திக்கொடுக்க வேண்டும். கப்பி அதைப் பிடித்து இழுத்துக்கொள்ளும். கை அதே நொடியில் விலகியாக வேண்டும். தேர்ந்தவர்கள் இதை நாள்தோறும் செய்தனர் என்பது உண்மை. அது முறையின் பாதுகாப்பைக் காட்டாது.

இயக்கும் ஒழுங்கு

பொறியைத் தொடங்கும் முன் எல்லாப் பட்டைகளும் தளர் கப்பிகளில் இருக்கின்றனவா எனப் பார்ப்பது முதற்படி. பொறி வேகம் பிடித்து, எண்ணெய் எல்லா இடங்களுக்கும் பரவிய பிறகே சுமை சேர்க்கப்படும். கைப்பிடியை ஒரே இழுப்பில் தள்ளக் கூடாது. பட்டையின் பாதி நிலைக் கப்பியில் ஏறும்போது அது சிறிது நழுவும். அந்த நழுவலே இயந்திரத்தை மெல்ல வேகமூட்டுகிறது. ஒரே அடியில் நகர்த்தினால் பொறி திணறும், பட்டையின் தையல் பிய்யும். பட்டையைப் பாதியிலேயே நெடுநேரம் விட்டுவைத்தாலும் அது சூடேறிக் கருகும். பொறியின் ஒலி தாழ்ந்து மீண்டும் சீராவதைக் கேட்டே பழகியவர்கள் வேகத்தைக் கணித்தனர். சுமை ஏறியதும் வேகச் சீராக்கி எரிபொருளைக் கூட்டுவதன் ஒலி அது. அதன் பிறகே நெல் விடுவர்.

நிறுத்தும்போது வரிசை தலைகீழாகும். முதலில் நெல்லின் வரத்தை அடைத்து, உள்ளே இருப்பது வெளியேறும்வரை ஓடவிட வேண்டும். பிறகு பட்டையைத் தளர் கப்பிக்கு மாற்றி, கவையின் சட்டத்தைக் கொக்கியிட்டுப் பூட்ட வேண்டும். பூட்டாவிட்டால் அதிர்வில் பட்டை மெல்ல மெல்ல ஊர்ந்து நிலைக் கப்பியில் ஏறக்கூடும்.

பட்டை நழுவினால் ரோஸின் என்னும் பிசின் தூளைத் தூவுவது பலரது வழக்கம். உடனே பற்று கூடும். ஆனால் சில நாட்களில் பரப்பு இறுகிப் பளபளத்து முன்னைவிட அதிகம் நழுவும். தோல் பட்டைக்கு விளக்கெண்ணெய் பூசி மென்மையாக வைத்திருப்பதே நீடித்த தீர்வு.

விபத்துகளும் சட்டமும்

பட்டை கப்பியைத் தொடும் இடம் இத்தகைய அமைப்பில் மிகக் கொடிய இடங்களுள் ஒன்று. மேலே கணக்கிட்ட பட்டை நொடிக்கு 10 மீட்டருக்கு மேல் செல்கிறது. ஆபத்தை உணர்ந்து கையை இழுத்துக்கொள்ள மனிதருக்கு ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்காவது வேண்டும். அதற்குள் 2 மீட்டர் பட்டை கடந்துவிடும். கையின் நீளமோ ஒரு மீட்டருக்கும் குறைவு. ஆகவே விரல் நுனி சிக்கியவருக்கு விழிப்புடன் இருந்ததால் தப்பிக்கும் வாய்ப்பு இல்லை. தையலிட்ட மூட்டின் தோல்வார் முனையோ கம்பிக் கொக்கியோ விரலையும் துணியையும் கொத்திக்கொள்ளும்.

தமிழ்நாட்டு உடைக்கும் இதில் பங்கு உண்டு. வேட்டியின் கரை, தோளில் கிடக்கும் துண்டு, சேலை முந்தானை, பின்னல் ஆகியன அனைத்தும் தொங்கி ஆடுபவை. மாவு ஆலைகளில் தூக்குவாளியுடன் காத்துநிற்கும் பெண்களும் சிறுவர்களும் பட்டைக்கு மிக அருகிலேயே நின்றனர். அவர்கள் ஆலையின் தொழிலாளர்கள் அல்லர் என்பதால் தொழிலாளர்க்கான விதிகள் அவர்களை எண்ணி எழுதப்படவும் இல்லை.

பிரித்தானியாவில் 1844 ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் இயந்திரங்களுக்கு வேலியிடுவதை வலியுறுத்தியது. இந்தியாவின் முதல் தொழிற்சாலைச் சட்டம் 1881 இல் வந்தது. அது 100 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடங்களுக்கு மட்டுமே பொருந்தியது. இந்த எண்ணிக்கை 1891 இல் 50 ஆகவும், 1922 இல் 20 ஆகவும் குறைக்கப்பட்டது.

விடுதலைக்குப் பின் இயற்றப்பட்ட 1948 ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், பட்டை மாற்றுவதைப் பற்றி வியப்பூட்டும் அளவுக்கு நுணுக்கமாகப் பேசியது. நிலைக் கப்பிக்கும் தளர் கப்பிக்கும் இடையே பட்டையை நகர்த்த உரிய கருவி இருக்க வேண்டும், பட்டை தானாக நிலைக் கப்பிக்கு ஊர்ந்துவிடாதபடி அக்கருவி அமைய வேண்டும், பயன்படாத பட்டை சுழலும் தண்டின் மீது கிடக்கக் கூடாது என அதன் 24 ஆம் பிரிவு விதித்தது. ஓடும் இயந்திரத்தில் பட்டையை ஏற்றுவது போன்ற வேலைகளைப் பயிற்சி பெற்ற, உடலோடு ஒட்டிய உடை அணிந்த, பெயர் பதிவேட்டில் எழுதப்பட்ட வயதுவந்த ஆண் தொழிலாளி மட்டுமே செய்யலாம் என்றது 22 ஆம் பிரிவு. சுழலும் கப்பியில் அவர் கையாளும் பட்டை 15 செ.மீ. அகலத்துக்கு மேற்படக் கூடாது. மூட்டு தையலிட்டதாகவோ பட்டையோடு சமமானதாகவோ இருக்க வேண்டும். காலூன்ற உறுதியான இடம் வேண்டும். ஏணி இருந்தால் அதைக் கட்டியிருக்க வேண்டும் அல்லது இன்னொருவர் பிடித்திருக்க வேண்டும். ஒவ்வொரு விதிக்கும் பின்னால் இழந்த கைகள் இருந்திருக்கும் என்பதை ஊகிப்பது கடினம் அன்று.

ஆயினும் ஆற்றலைப் பயன்படுத்தும் இடங்களில் 10 பேராவது வேலை செய்தால்தான் இச்சட்டம் பொதுவாகப் பொருந்தியது. மாநில அரசு தனியே அறிவித்தாலன்றி, ஓர் உரிமையாளரும் இரண்டு மூன்று ஆட்களுமாக ஓடிய சிற்றூர் நெல் ஆலையும் மாவு ஆலையும் இதற்கு வெளியே நின்றன. பாதுகாப்புக் கவை இல்லாமல் கையால் பட்டை ஏற்றும் வழக்கம் மிகுந்திருக்கக்கூடிய இடங்களும் அவையே. இச்சட்டத்துக்கு மாற்றாக 2020 இல் இயற்றப்பட்ட தொழில் பாதுகாப்பு, உடல்நலம், பணிநிலைமைகள் தொகுப்பில், ஆற்றலைப் பயன்படுத்தும் தொழிற்சாலைக்கான அந்த எண்ணிக்கை மீண்டும் 20 ஆக உயர்த்தப்பட்டது.

பட்டைகளின் மறைவு

மின்சாரம் வந்ததும் முதலில் மறைந்தது பொறியே; பட்டைகள் அல்ல. பல ஆலைகளில் எண்ணெய்ப் பொறி நின்ற இடத்தில் ஒரே ஒரு பெரிய மின்னோடி வைக்கப்பட்டு, அதே பொதுத்தண்டும் அதே தளர் கப்பிகளும் தொடர்ந்தன. ஒவ்வொரு இயந்திரத்துக்கும் தனி மின்னோடி வாங்கும் அளவுக்கு விலை குறைந்த பின்னர்தான் பொதுத்தண்டு கழற்றப்பட்டது. மின்னோடியை இயந்திரத்துக்கு அருகிலேயே வைத்து வி வடிவப் பட்டையால் இணைக்கும் முறை அதன் இடத்தைப் பிடித்தது. இவ்வகைப் பட்டை கப்பியின் பள்ளத்தில் ஆப்புபோல் இறுகுவதால் குறைந்த இடைவெளியிலும் நன்கு பற்றும். மதுரையில் ஃபென்னர் நிறுவனம் இவற்றைத் தயாரித்தது. பள்ளத்திலிருந்து இதைப் பக்கவாட்டில் நகர்த்த இயலாது என்பதால் தளர் கப்பிக்கு வேலையே இல்லாமல் போயிற்று.

கிணற்றடிகளில் மாற்றம் இன்னும் விரைவாக இருந்தது. 1984 இல் தமிழ்நாட்டில் சிறு உழவர்களுக்கும், பின்னர் அனைத்து உழவர்களுக்கும் மின்சாரம் கட்டணமின்றி வழங்கப்பட்டதும், டீசலுக்குச் செலவிட்டுப் பொறியை ஓட்ட வேண்டிய தேவை குறைந்தது.

இங்கிலாந்தின் பாய்ன்டன் ஊரிலுள்ள ஆன்சன் பொறி அருங்காட்சியகம் போன்ற இடங்களில் பழைய பொறிகள் ஓடும் நிலையில் காக்கப்படுகின்றன. தமிழ்நாட்டில் கழற்றப்பட்ட பொறிகள் பெரும்பாலும் பழைய இரும்பு விலைக்குப் போயின. எஞ்சியுள்ள பழைய ஆலைக் கட்டடங்கள் சிலவற்றில், சுவரின் உயரத்தில் பொதுத்தண்டைத் தாங்கிய வார்ப்பிரும்புத் தாங்கிகளையும், பட்டை நுழைவதற்காகச் சுவரில் விடப்பட்ட நீள்சதுரத் துளைகளையும் காணலாம்.